நான் முட்டை சாப்பிடுவதில்லை

2024 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை மாலை, தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் இயற்கை அன்பர் கழகம் மாதாமாதம் கூடும் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருப்பது தெரியவந்தது.

பார்த்தவர் சுஜாதா. கோயம்புத்தூர்க்காரர், வங்கி அதிகாரி, ஜனக்புரியிலிருந்து மெட்ரோ பிடித்து வருகிறவர். கீழே கூடத்தில் ‘தில்லியின் எறும்புகள்’ என்ற என் தொடர் உரையின் பதினேழாம் பகுதி நடந்துகொண்டிருந்தது. செல்பேசியில் யாருடனோ பேச மாடிக்குப் போனவர் திரும்பி வந்து கதவருகே நின்று, “சார், மேல ஒரு கூடு இருக்குதுங்க” என்றார். கூடத்தில் இருந்த எல்லோரும் எழுந்து மேலே போனார்கள். நானும் ப்ரொஜெக்டரும் மிஞ்சினோம். திரையில் ஒரு ராணி எறும்பு இருந்தது.

இதை மனத்தாங்கலோடு சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிசையாகச் சொல்வது என் பழக்கம். நான் வைத்தியநாதன்; வைத்தி என்றால்தான் கழகத்தில் தெரியும். கழகம் தொடங்கிய நாள் முதல் அதன் செயலாளர். அதற்கு முன் மத்திய அரசில் சார்புச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என்மேல் இப்போது ஒரு பழி சுமத்தப்பட்டிருக்கிறது. அது பொய். அதைத் துடைக்கத்தான் நிர்வாகக் குழு கேட்டுக்கொண்டபடி நடந்ததை எழுதித் தருகிறேன். எறும்புகளைப் பற்றிக் குறைவாகவே எழுதுகிறேன்.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. சரளைக் கல்லுக்கு நடுவே தரையிலேயே முட்டையிடும். முட்டையும் கல்லைப் போலவே இருக்கும். மாடியில் எப்போதோ தளவேலை நடந்தபோது மிஞ்சிய ஜல்லி ஒரு மூலையில் பரவிக் கிடந்தது. பறவைக்கு அது பிடித்துவிட்டது. ஆள் வருவதைக் கண்டால் ஊரையே கூட்டிக் கத்தும். பெயர்க்காரணம் அதுதான். கழகத் தலைவர் மாணிக்கவாசகம் திருநெல்வேலிக்காரர், ஆக்காட்டி என்பார். அது கொச்சை என்று நான் திருத்துவேன். “பேரு என்னவா இருந்தா என்ன சார்வாள், கொத்துறது நம்ம மண்டையிலல்லா” என்பார்.

பறவையின் பாதுகாப்புக்கு அன்றே நான் ஒரு விதி கொண்டுவந்தேன். பதினைந்து அடிக்குள் யாரும் கூட்டை நெருங்கக் கூடாது. மாடிக் கதவைப் பூட்டி, சாவி செயலாளரிடம் இருக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் வைப்பதும் நானே. எல்லோரும் கைதட்டினார்கள். சுஜாதாகூட, “வைத்தி சார் இருக்கறதுனாலதான் அது பிழைக்கும்” என்றார். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். விதி அன்பால் பிறந்தது. பிறகு அது வேறு வகையிலும் வசதியாக இருந்தது என்பது தற்செயல்.

எங்கள் ஆண்டு விழா மே மாதம் இரண்டாம் ஞாயிறு. விழாவில் சிறப்புரை உண்டு. கழகம் தொடங்கியதிலிருந்து அந்த உரையை நிகழ்த்திவருவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிர்வாகக் குழுவில் சுஜாதா எழுந்து, முட்டை பொரிக்கும் நாள் கிட்டத்தட்ட விழா நாளில் வருகிறது, எல்லோரும் மாடியில் உட்கார்ந்து குஞ்சு வெளிவருவதைப் பார்க்கலாம், பறவையைப் பற்றி நானே பத்து நிமிடம் பேசுகிறேன் என்றார்.

“அப்போ எறும்பு?” என்று மாணிக்கவாசகம் கேட்டார். நல்ல மனிதர். குறைந்தபட்சம் கேட்டார்.

“எறும்பு எங்கீங்க போயிடும்?” என்றார் சுஜாதா. “அடுத்த வருசம் வெச்சுக்கலாம்.”

சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். என் கையைத் தவிர எல்லாக் கைகளும் மேலே போயின. நான் மறுப்புத் தெரிவிக்கவில்லை. என் பணிக்காலம் முழுவதும் எதையும் நான் மறுத்ததில்லை. மறுத்தால் பகை வரும், ஒப்புக்கொண்டால் வேலை வரும். நான் ஒத்திவைப்பேன். நல்ல நோக்கத்தோடு ஒத்திவைக்கப்பட்ட எந்த விஷயமும் கெட்டுப்போய் நான் பார்த்ததில்லை. சம்பந்தப்பட்டவர்கள்தான் ஓய்வு பெற்றுப் போவார்கள்.

எனவே குஞ்சு பொரிப்பதை விழா முடியும்வரை ஒத்திவைப்பது என்று முடிவு செய்தேன்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காடை முட்டை கிடைக்கும் என்று படித்திருந்தேன். புள்ளி போட்டிருக்கும், அளவு கொஞ்சம் சிறியது. பதினைந்து அடியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு போனேன். அந்தக் கடை வரிசையில் நான் கால் வைத்ததே அதுதான் முதல் முறை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நாலு போதும் என்றேன். பன்னிரண்டு உள்ள பெட்டியாகத்தான் தருவேன் என்றான் கடைக்காரன்.

“உபால்கே காயியே, அங்கிள்ஜி. தாக்கத் ஆயேகி” என்றான். வேகவைத்துச் சாப்பிட்டால் தெம்பு வரும் என்கிறான். என் தோற்றத்தில் என்ன குறை கண்டான் என்று தெரியவில்லை. அச்சா, அச்சா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விழாவுக்கு முந்தைய வியாழன், பகல் இரண்டு மணி. தில்லியில் அந்த நேரத்தில் தெருநாய்கூட வெயிலில் நிற்காது. ஆள்காட்டி மட்டும் முட்டைகள்மேல் இறகை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. அது அடைகாப்பது சூட்டுக்காக அல்ல, சூட்டைத் தணிக்க. நான் வைத்த கிண்ணத்தில் இறங்கி வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைகள்மேல் உட்காரும். முட்டைகள் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதே அதன் கவலை. நான் செய்ததும் அதையேதான், கொஞ்சம் கூடுதலாக.

என்னைப் பார்த்ததும் கத்தியது. தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. நான் குடை கொண்டுபோயிருந்தேன். எவர்சில்வர் டப்பாவில் பஞ்சு பரப்பி முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பஞ்சு வைத்ததைக் கவனிக்க வேண்டும். திருடுகிறவன் பஞ்சு வைப்பதில்லை. ஒரு முட்டையைக் காதருகே வைத்துப் பார்த்தேன். உள்ளே மெல்லிய தட்டல் கேட்டது, மூடிய கதவை யாரோ மரியாதையாகத் தட்டுவதுபோல. காலம் அதிகமில்லை என்று புரிந்தது. அவை இருந்த இடத்தில் நான்கு காடை முட்டைகளை வைத்தேன். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

மீதமிருந்த எட்டுக் காடை முட்டைகளையும் அதே டப்பாவில் வைத்தேன். வெளியே எறிந்தால் யார் கண்ணிலாவது படும். இது ஒன்றுதான் நான் செய்த தவறு.

விழா நன்றாக நடந்தது. மாடியில் ஷாமியானா போட்டு, பதினைந்து அடி தள்ளி நாற்காலி போட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். சுஜாதா தன் பத்து நிமிடத்தைப் பேசி முடித்தார். நன்றாகவே பேசினார், சுருக்கமாக. பறவை காடை முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. எழுந்துபோய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தது. ஒன்றும் பொரியவில்லை. குழந்தைகள் அழத் தொடங்கின. மாணிக்கவாசகம் என்னைப் பார்த்தார்.

“சார்வாள், அந்த எறும்பு கைவசம் இருக்கா?”

சட்டைப் பையில் பென் டிரைவ் இருந்தது. கூடத்துக்கு இறங்கினோம். பதினெட்டாம் பகுதியைப் பேசினேன். நடுவே ஆள்காட்டியின் கடமையுணர்வைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டேன், பொரிந்தாலும் பொரியாவிட்டாலும் விட்டுவிட்டுப் போகாத பறவை என்று. அதற்குத்தான் பலத்த கைதட்டல். சுஜாதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் முட்டைகளைத் திருப்பி வைப்பதாக இருந்தேன். அதற்குள் வீட்டில் ஓர் எதிர்பாராத நிகழ்ச்சி.

விழாவில் மிஞ்சிய தயிர்சாதத்தை ஃப்ரிட்ஜில் வைக்க என் மனைவி அனந்தலக்ஷ்மி இடம் ஒழித்திருக்கிறாள். எங்கள் ஃப்ரிட்ஜில் முட்டைக்கென்று இருக்கும் குழிகளில் வாங்கிய நாளிலிருந்து எலுமிச்சம்பழம்தான் இருக்கும். கேக் வாங்கினால்கூட அட்டையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்க்கிற குடும்பம். அவள் டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“எத்தனை நாளா நடக்கறது இது?”

“எது?”

“சின்னதா எட்டு, பெரிசா நாலு. தினுசு தினுசா வாங்கி வெச்சிருக்கேள். பஞ்சு வேற. ஆத்துல யாரும் இல்லாதப்போ எதுல வேகவெக்கறேள்? என் பால் குக்கரிலயா?”

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் முட்டைகளை முதலில் திருப்பி வைக்க வேண்டும். காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தைப் பற்றி நானே இரண்டு முறை உரை நிகழ்த்தியிருக்கிறேன். எனவே விளக்கத்தை ஒத்திவைத்தேன். அதை அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.

“கேட்டிருந்தா பருப்பு உசிலி கூடப் பண்ணிப் போட்டிருப்பேனே” என்றாள். என் தட்டும் டம்ளரும் பால்கனிக்குப் போயின. சாப்பிட்டுவிட்டு நானே கழுவி அங்கேயே கவிழ்க்க வேண்டும். சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது.

மறுநாள் பகலில் முட்டைகளைத் திருப்பி வைத்தேன். காடை முட்டைகளைக் காக்கைக்குப் போட்டேன். ஆள்காட்டி கத்திவிட்டு வந்து நான்கையும் அலகால் திருப்பிப் பார்த்தது. பிறகு கிண்ணத்தில் நனைந்து வந்து உட்கார்ந்தது. போன கோப்பு போன இடத்துக்கே திரும்பிவிட்டது என்ற நிறைவோடு கதவைப் பூட்டினேன்.

அந்த வாரமே அனந்தலக்ஷ்மி மலை மந்திர் பிராகாரத்தில் மாணிக்கவாசகத்தின் மனைவி வள்ளியிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறாள். வள்ளி மாணிக்கவாசகத்திடம் சொல்ல, ஜூன் கூட்டத்துக்குள் கழகம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. நேரில் கேட்கவில்லை, கனிவு காட்டினார்கள். கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ முதியோர் புரதச் சத்து பற்றிய கட்டுரை போட்டார்கள். மாணிக்கவாசகம் என் தோளில் கைபோட்டு, “சார்வாள், வயசானா தெம்பு வேணும்லா. இதுல ஒளிக்க என்ன இருக்கு? நம்ம வீட்டுக்கு வாரும், வள்ளி முட்டைக்குழம்பு வைப்பா” என்றார். என் உரை முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், எறும்பு முட்டை சைவமா அசைவமா என்று ஐயம் கேட்டார்.

பறவை மட்டும் உட்கார்ந்தே இருந்தது. மே முடிந்தது, ஜூன் வந்தது, தில்லி அடுப்பாகக் காய்ந்தது. இரண்டு பறவைகளும் முறை மாற்றி வயிற்றை நனைத்து வந்து அடைகாத்தன. பொரியாத முட்டை என்று சுஜாதா சோகமாக அறிவித்தார். நான் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாலே மாடியிலிருந்து அது கத்தும். மற்றவர்களுக்குக் கத்தாது. “ஆக்காட்டி உம்மை மட்டும்தான் காட்டுது” என்று மாணிக்கவாசகம் சிரிப்பார். தினமும் தண்ணீர் வைத்தவனை அது மறக்கவில்லை என்று நான் விளக்கினேன். பறவைகளுக்கு நன்றி உண்டு.

ஜூலை கூட்டத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. ஐயம் தெளிதல் நேரத்தில் எழுந்து நின்றேன்.

“என்னைப் பற்றி ஒரு வதந்தி உலவுகிறது. நான் முட்டை சாப்பிடுவதாகச் சொல்கிறார்கள். என் வாழ்நாளில் தொட்டதில்லை. தொட்டது ஒருமுறைதான். வீட்டில் இருந்தவற்றில் நான்கு மேலே இருக்கும் ஆள்காட்டியினுடையவை. விழா முடியும்வரை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். அப்படியே திருப்பி வைத்துவிட்டேன். ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை.”

பழி நீங்கியதென்று நினைத்தேன். சுஜாதா உட்கார்ந்தபடியே கேட்டார்.

“எடுக்கும்போது உள்ள சத்தம் கேட்டுச்சுங்களா, சார்?”

“கேட்டது” என்றேன். உண்மையைச் சொல்ல வந்தவன் பாதியில் நிறுத்தக் கூடாது. “பஞ்சு வைத்திருந்தேன்” என்றும் சொன்னேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மாணிக்கவாசகம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். என்னை என்ன செய்வது என்ற முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. மாடிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மழை தொடங்கிய பிறகு பறவைகள் போய்விட்டன. முட்டைகள் ஜல்லியிலேயே கிடக்கின்றன.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அனந்தலக்ஷ்மியிடம் சொன்னேன், தட்டல் உட்பட. அவள் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ சாப்பிடலையா?”

“இல்லை.”

“இதை அன்னிக்கே சொல்லப்படாதா?” என்றாள். பால்கனிக்குப் போய் என் தட்டை எடுத்துவந்து, புளி போட்டுத் தேய்த்து, மற்றத் தட்டுகளோடு அடுக்கினாள்.