பட்டாளத்து வாட்ச்

அந்த மாதிரிப் பட்டாளத்து வாட்ச் வாங்கலாமா, கொடுக்கிற விலைக்குத் தகுமா என்று யாராவது கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்றுதான் சொல்வேன். எனக்கு அந்த வாட்சின் மேல் எந்தக் கோபமும் இல்லை, சார். அதை வைத்திருந்தவன் மேலும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து, ஆற அமரச் சொல்லுங்கள் என்றீர்கள். சொல்கிறேன்.

என் பெயர் குமாரவேல். வல்லக்கோட்டைக்காரன். ஒரகடம் போகிற வழியில் அண்ணாதுரை முதலாளியின் கல்குவாரியில் மேஸ்திரி. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்கு அப்புறம் நம் பக்கத்தில் வெடி என்ற சொல்லையே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. குவாரிகளில் எவ்வளவு மருந்து இருக்கிறது, யார் கையில் போகிறது என்று கேட்கத்தான் நீங்கள் எங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். நானும் அதற்குத்தான் பதில் சொல்ல வந்தேன். என் இரண்டு கையிலும் வாட்ச் இருந்ததைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் இரண்டிலும் மணி பார்த்தீர்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

இடது கையில் இருப்பது என் மாமனார் கல்யாணத்தில் போட்டது. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். கல் தூசி உள்ளே போனால் நின்றுவிடும், தட்டினால் ஓடும். இருந்தாலும் குவாரியில் ரொம்ப வருஷமாக அது ஒன்றுதான் வாட்ச். கல் உடைக்கிற பெண்களிலிருந்து லாரி டிரைவர் வரைக்கும், "மேஸ்திரி, மணி இன்னா ஆவுது?" என்று என்னைத்தான் கேட்பார்கள். கையைத் திருப்பிப் பார்த்துச் சொல்வேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மனுஷனை நாள் முழுக்க நாலு பேர் தேடிக்கொண்டே இருந்தால், அவன் தன்னை அறியாமல் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பான், இல்லையா.

பாண்டுரங்கன் பம்பு இன்ஜின் பார்க்கிறவன். குழியில் ஊறுகிற தண்ணீரை இறைத்து வெளியே விடுவது அவன் வேலை. கெட்டவன் இல்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தான், என்னை அண்ணே என்பான். போன வருஷம் வீட்டிலிருந்த கறவை மாட்டை விற்றுவிட்டு, மெட்ராஸ் பர்மா பஜாருக்குப் போய் அந்த வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான். கறுப்பு முகம், தடித்த கண்ணாடி, பட்டாளத்துக்காரன் போடுகிற பச்சை நைலான் பட்டை. இருட்டில் எண்கள் பச்சையாக எரியும். பேட்டரியில் ஓடுவது, சாவி கொடுக்கிற வேலை கிடையாது. அவன் பெண்டாட்டி மரகதம் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

"மாட்ட வித்து மணி பாக்கறாரு. பாலுக்கு இன்னா பண்றது, முள்ளக் கறக்கறதா?" என்று என் வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

டீக்கடையில் எல்லோரும் கேலி செய்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே வாட்சைக் கழற்றி டீ கிளாஸ் கழுவுகிற வாளியில் போட்டான். டீ குடித்து முடித்துவிட்டு எடுத்தான். ஓடிக்கொண்டிருந்தது. லாரி டிரைவர் ஒருத்தர் அதைத் தார் ரோட்டில் வீசிப் பார்த்தார். ஓடியது. ஒருநாள் கல் ஏற்றிய மாட்டுவண்டிச் சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கியது. மண் சாலைதான், இருந்தாலும் சக்கரம் சக்கரம்தானே. ஊதித் துடைத்துக் கையில் கட்டிக்கொண்டான். மாட்டின் விலை தகுமா என்று கேட்டவர்கள், இரண்டு மாடு கொடுக்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சில் நானும் கலந்துகொண்டேன். நல்ல பொருளை நல்ல பொருள் என்று சொல்வதற்கு எனக்கு என்ன.

அதற்கப்புறம் என்னிடம் யாரும் மணி கேட்கவில்லை. அது இயல்புதான். எதிரே சரியான மணி இருக்கும்போது தட்டி ஓட்டுகிற மணியை யார் கேட்பார்கள். யாரும் கேட்காமலே ஒரு தடவை நானாகச் சொன்னேன். கல் உடைக்கிற கோவிந்தம்மா என்னைப் பார்த்துவிட்டு, "பாண்டு கைல இன்னா காட்டுதுன்னு கேட்டுக்கறேன் மேஸ்திரி" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

குவாரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் வெடி வைப்போம். முன்பெல்லாம் அதற்குச் சங்கு ஊதும். பொங்கலுக்கு முன்னால் சங்கின் மோட்டார் எரிந்துபோனது. முதலாளி சரி செய்கிறேன், சரி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் கொடிதான். மேட்டில் நான் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எல்லோரும் குழியை விட்டு ஏறியதைப் பார்த்துவிட்டுக் கொடியை இறக்குவேன். இறக்கினால் வெடிக்காரர் கோதண்டம் திரியைக் கொளுத்திவிட்டு மேலே வருவார். பாண்டு இருந்தது குழியின் அடியில், உடைக்காமல் விட்ட ஒரு பாறைக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து கொடி தெரியாது. இன்ஜின் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. அவன் வாட்சைப் பார்த்து, வெடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு ஏறி வந்துவிடுவான். ஒருநாள்கூடத் தப்பியதில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் முதலாளி வந்திருந்தார். நான் அவர் பக்கத்திலேயே நிற்கிறேன். அவர் என்னைத் தாண்டி, "பாண்டு, மணி இன்னாப்பா?" என்று கேட்டார். அவன் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "திங்கட்கிழமலேர்ந்து கொடிய அவன் கைல குட்துடு குமாரவேலு. வெடி வைக்கிற எடத்துல டைம் கரெக்டா இருக்கணும் பாரு" என்றார். சரிங்க என்றேன். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பாண்டுதான் சங்கடப்பட்டான். "வாணாம் மொதலாளி, அண்ணன் கைலயே இருக்கட்டும்" என்றான். அது எனக்குப் பிடிக்கவில்லை. என் கொடியை எனக்கு அவன் கொடுக்கிற மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி நான் யோசித்தது இதுதான். எல்லோரும் அந்த வாட்சைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள், ரோட்டில் போட்டுப் பார்த்தார்கள். ஒரு உயிரை நம்பி ஒப்படைக்கிற பொருளைச் சோதிக்கிற முறை அது இல்லை. அந்த வாட்ச் ஒருநாள் தப்பாகக் காட்டினால் பாண்டு என்ன செய்வான்? வெயிலைப் பார்ப்பானா, நிழலைப் பார்ப்பானா, முள்ளை மட்டும்தான் நம்புவானா? இதைத் தெரிந்துகொள்ளாமல் கொடியை ஒருத்தன் கையில் கொடுப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது. மேஸ்திரி என்றால் அந்தப் பொறுப்பும் உண்டு.

சனிக்கிழமை காலையில் டீக்கடையில் வைத்து, "பாண்டு, ஒரு தபா நான் கட்டிப் பாக்கட்டா?" என்று கேட்டேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இதக் கேக்க உனக்கு இம்மா நாளாச்சா அண்ணே?" என்றான். அவனே கழற்றி, என் கையைப் பிடித்து, பட்டையை இழுத்துக் கட்டிவிட்டான். இறுக்குதா என்றும் கேட்டான். நான் அதைக் கட்டிக்கொண்டு கடைக்குப் பின்னால் போய்விட்டு வந்தேன். அந்த வாட்சின் திருகு லேசில் அசையாது. முதலில் மரையைத் தளர்த்த வேண்டும், அப்புறம் வெளியே இழுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் முள் நகரும். கால் மணி நேரம் பின்னுக்கு வைத்தேன். மரையைத் திரும்ப நன்றாக முறுக்கினேன். தண்ணீர் இறங்கிவிடக் கூடாது என்று அதில் கவனமாகத்தான் இருந்தேன்.

அவன் தாமதமாக ஏறி வருவான், எல்லோரும் சிரிப்பார்கள், அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

வெடி நேரம் வந்தது. நான் கொடியோடு மேட்டில் நின்றேன். மற்றவர்கள் ஏறி வந்து தூரத்துப் புளியமரத்தடியில் சோற்றுத் தூக்கைத் திறந்துவிட்டார்கள். கோதண்டத்துக்கு வெடி வெடித்து ஒரு காது போய்விட்டது, இன்னொரு காதும் அரைகுறை. கீழே இருந்து, "அல்லாரும் ஏறிட்டாங்களா?" என்று கத்தினார். நான் என் வாட்சைப் பார்த்தேன். என் வாட்ச்படி பாண்டு ஏறியிருக்க வேண்டும். கொடியை இறக்கினேன்.

கற்களை அகற்றி அவனை எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. முதலில் தெரிந்தது கைதான். வாட்சின் கண்ணாடியில் ஒரு கீறல், வேறு ஒன்றும் இல்லை. அழுதுகொண்டிருந்தவர்கள்கூடக் குனிந்து பார்த்தார்கள். "ஓடுதுடா" என்றார் யாரோ. ஓடுகிறதா என்றுதான் பார்த்தார்கள், மணி என்ன காட்டுகிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. இன்ஜின் கெட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான், நேரம் போனது தெரிந்திருக்காது என்று அவர்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

காரியம் முடிந்த அன்று மரகதம் அந்த வாட்சை ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்தாள். "வூட்ல இது கீது, என்னால தூங்க முடியல மேஸ்திரி. கண்ணத் தொறந்தா பச்சையா எரியுது. உங்களத்தான் கூடப் பொறந்தவரு மாதிரின்னு சொல்லுவாரு. நீங்களே வெச்சிக்கங்க" என்றாள். வாங்கி வலது கையில் கட்டிக்கொண்டேன்.

முள்ளை ஏன் சரியாக வைக்கவில்லை என்று கேட்டீர்கள். அது உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. தினமும் மதியம் என் வாட்சில் வெடி நேரம் வரும். அப்போது வலது கையைப் பார்ப்பேன். அவன் வாட்சில் இன்னும் நேரம் ஆகியிருக்காது. அந்தக் கால் மணி நேரம் அவன் கீழே இன்ஜினுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருப்பான். கைலியை மடித்துக் கட்டியிருப்பது, கழுத்துத் துண்டு, எல்லாம் எனக்குத் தெரியும். அவன் வாட்சிலும் அந்த நேரம் வரும்போது போய்விடுவான். முள்ளைச் சரி செய்தால் அந்தக் கால் மணியும் போய்விடும். சில நாள் அவன் நிமிர்ந்து மேலே பார்ப்பான். அன்றைக்கு மட்டும் எனக்குச் சோறு இறங்காது.

நீங்கள் அந்த வாட்சை வாங்கி உங்கள் மேஜை மேல் வைத்துக்கொண்டு, நாள்தோறும் ரேடியோ மணியோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதே கால் மணி பின்னால். ஸ்ரீபெரும்புதூர் வாட்ச் கடைக்காரரிடமும் காட்டினீர்கள். வெடியில் முள் நகர்ந்திருக்க வழியே இல்லை, மரை முறுக்கியபடி இருக்கிறது, யாரோ வைத்த மணிதான் இது என்று அவர் சொல்லிவிட்டார். மட்டமான வாட்சாக இருந்திருந்தால் இத்தனை மாதத்தில் அதுவே தடுமாறி எங்கேயோ போயிருக்கும், உங்களுக்கும் சந்தேகம் வந்திருக்காது. அதனால்தான் விலைக்குத் தகும் என்கிறேன்.

எழுதிக்கொள்கிறவர் நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் இருக்கிறது, சார்.

கொடியை இறக்கியதும் கோதண்டம் கொளுத்திவிட்டு அந்தப் பக்கமாக ஏறிப் போனார். திரி உடனே எரிந்து முடியாது. ஒரு பீடி பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுக்கலாம், அவ்வளவு நேரம் உண்டு. இன்ஜின் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டு காதும் சரியாக இருக்கிறது. நான் பீடியைப் பற்றவைத்தபோது இன்ஜின் நின்றது. குழி முழுக்க அமைதியாகிவிட்டது. பாறைக்குப் பின்னாலிருந்து பாண்டு குரல் கொடுத்தான்.

"அண்ணே, வெயிலப் பாத்தா நேரம் ஆன மாதிரி கீதே. வாட்ச்ல இன்னும் ஆவல. உன்து இன்னா காட்டுது?"

அந்த வாட்சை வாங்கிய பிறகு அவன் என்னிடம் மணி கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் கையைத் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னும் நேரம் கீது, பாண்டு" என்றேன்.