வளைவுக்கு முந்தியே ஹாரன்

கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் மகளும் இருந்தார்கள். ரயில் சாரதிப் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வை முடித்துக்கொண்டு மகள் திரும்பிக்கொண்டிருந்தாள். பேராதனை தாண்டியதும் அவள் சொன்னாள்:

“ரயில் ரோட்டுல, தண்டவாளத்து மேலயே நடந்துதான் ஸ்கூல் போனேன்னு அங்க சொல்லிட்டேன்மா.”

“ஏன்டி, அது குத்தமில்லையா? இனி வேலை குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க. ரயிலப் பத்தி என்ன தெரியும்னு கேட்டாங்க. மழை பேஞ்சா நடக்குறவங்களுக்கு ரயில் வர்ற சத்தமே கேக்காது, வளைவுக்கு முந்தியே ஹாரன் அடிக்கணும்னேன். கேட்டவரு பேனாவ வச்சிட்டு, எந்த வளைவுன்னு விசாரிச்சாரு.”

அம்மா மகள் பக்கம் திரும்பினார்.

“அப்ப நம்ம தேயிலைத் தோட்டத்துப் பக்கமும் நீ கோச்சி ஓட்டிக்கிட்டு வருவியா?”

“வருவேன். நீங்க இன்னமும் அந்த ரயில் ரோட்டுலதானே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறீங்க. கண்டா ஹாரன் அடிப்பேன். அம்மான்னு பாக்க மாட்டேன்.”

“அடி. ஆனா நல்லா தூரத்துலயே அடி. இப்பல்லாம் மழை இல்லாட்டியும் எனக்குக் கேக்குறதில்ல.”