டயரின் ஓரம்

பின் டயரைப் பார்த்தே ஒருவன் வண்டி ஓட்டும் லட்சணத்தைச் சொல்லிவிடலாம் என்பார்கள், சார். சொல்ல முடியாது. விளக்குகிறேன்.

வளைவில் வேகம் நம்மை வெளியே தள்ளும். அதற்கு ஈடாக உள்பக்கம் சாய வேண்டும். சாய வேண்டியது வண்டி மட்டுமல்ல, வண்டியும் ஆளும் சேர்ந்த மொத்த எடை. ஆள் சீட்டிலிருந்து பாதி இறங்கி, தோளையும் தலையையும் உள்ளே கொண்டுபோனால், அதே வேகத்துக்கு வண்டி குறைவாகச் சாய்ந்தால் போதும். ஆள் நட்டுவைத்த கம்பம் மாதிரி உட்கார்ந்திருந்தால், அந்தக் குறையையும் வண்டிதான் சாய்ந்து ஈடுகட்டும். டயர் ஓரம்வரை தேயும். ஆகவே தேய்ந்த ஓரம் திறமைக்குச் சாட்சி இல்லை. பல நேரம் மடத்தனத்துக்குத்தான் சாட்சி.

அறிவுச்செல்வன் அப்படி ஒரு கம்பம். விழுப்புரத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டவும் கற்றுக்கொடுக்கிறேன். அவன் வந்து சேர்ந்த மூன்றாவது வாரம், திண்டிவனத்தில் டீ குடிக்க நின்றபோது, என் பின் டயர் பக்கத்தில் குந்தித் தடவிப் பார்த்தான்.

"இன்னா மாஸ்டரு, ஓரத்துல புது டயரு ரப்பர் முடிகூட உதிரல. கிளாஸு எங்களுக்கு மட்டும்தானா?"

"டீய குடிச்சிட்டுப் பேசு," என்றேன்.

"வண்டிய சாச்சா டீ கொட்டிடும்னு பயந்துகினே ஓட்டுறாருப்பா."

ஆறு பேர் சிரித்தார்கள். அஸ்வினியும் சிரித்தாள். அவளுக்கு கியர் போடக் கற்றுக்கொடுத்தவனே நான்.

நான் கோபப்படவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் அவனுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். முழங்காலைத் திற. கைப்பிடியை நெரிக்காதே. கண் வளைவின் முடிவில் இருக்கட்டும். தேறிவிட்டான். பயமும் போய்விட்டது. எனக்கு அது வேண்டியிருந்தது.

கெடார் பக்கம் ஒரு வளைவு உண்டு. அறுப்பு முடிந்ததும் அங்கே கேப்பைக் கதிரைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரும். கடுகளவு, நல்ல உருண்டை. டயர் சாலையைப் பிடித்திருப்பதோ உள்ளங்கை அகலத்தில். நிமிர்ந்து மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. சாய்ந்து போனால், டயருக்கும் தாருக்கும் நடுவே ஆயிரம் குட்டிச் சக்கரங்கள்.

அந்த ஞாயிறு விடிந்ததும் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஒரு அம்மா கதிரைப் பரப்பிக்கொண்டிருந்தார். "பாத்துப் போ தம்பி, வழுக்கும்," என்றார். நல்ல மனுஷி. பிறகு எல்லாரையும் அந்த வழியாகவே அழைத்துவந்தேன்.

கூட்டமாக ஓட்டுவதில் ஒரு வழக்கம். சாலையில் மணலோ குழியோ இருந்தால், முன்னால் போகிறவர் காலை நீட்டிக் காட்டுவார். பின்னால் வருகிறவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அந்த வளைவை முள்வேலி மறைத்திருந்தது. நான் முன்னால், அடுத்து அவன்.

நான் காலை நீட்டவில்லை. பிரேக்கையும் தொடவில்லை, தொட்டால் பின்விளக்கு எரிந்து எச்சரித்துவிடும். கியரை மட்டும் இறக்கி, வளைவில் எப்போதும் போகிற வேகத்தில், நிமிர்ந்தபடியே கடந்தேன். பின்னால் சத்தம் கேட்டது. புளியமரத்தில் மோதி, அதனடியில் உயிரில்லாமல் கிடந்தான். மோதும்வரை நான் சொன்னபடியே உட்கார்ந்திருந்தானாம்.

"மாஸ்டரு எப்பவும் கால நீட்டுவாரு, அன்னிக்கு நீட்டல" என்று அஸ்வினி உங்களிடம் சொன்னது உண்மை. மறதி என்று எழுத வேண்டாம், சார். அவன் சாக வேண்டும் என்றுதான் நீட்டவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. என் வண்டியை எடுத்துவந்த ஏட்டு சீனுவாசனும் டயரைத் தடவிவிட்டு, "வாங்கினதுலேர்ந்து நேர் ரோட்டுலயே ஓட்டினீங்களா?" என்று கேட்டார். நான்கு வருஷ டயர். நடுவில் வழவழவென்று தேய்ந்துவிட்டது, ஓரத்தில் முடி அப்படியே இருக்கிறது. அது பயம் இல்லை. உடம்பை வைக்கிற முறை. அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள், முதலிலிருந்து விளக்குகிறேன்.