உள்ளே ஏறாத புரோகிராம்

மருதனார்மடத்தில் சனம் ஏற்ற நின்ற பஸ்ஸில், எனக்கு முன்னால் இரண்டு பல்கலைக்கழக மாணவிகள் இருந்தார்கள். மடியில் லேப்டொப் வைத்திருந்தவள் சொன்னது காதில் விழுந்தது.

"ஓடிப்போட்டுப் பிழைச்சால் பரவாயில்லை. இது உள்ளுக்கே ஏறமாட்டன் எண்டுது."

இருவரும் சேர்ந்து எழுதிய புரோகிராமை, வேறொரு கணினியைப் போல நடிக்கும் சிமுலேட்டரில் பத்து மணிக்கு ஓட்டிக்காட்ட வேண்டுமாம். மூன்று நாளாக அது ஏறவே இல்லை.

"என்ரை பகுதியிலைதான் பிழையெண்டு படிப்பிக்கிற சேரும் சொல்லிப்போட்டார். நேற்று முழுக்க இருந்து திருப்பி எழுதினனான்," என்றாள் லேப்டொப்காரி.

ஜன்னலோரம் இருந்தவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "கொம்பைல் பண்ணி ஓடுற ஃபைலாக்கிற வரியை ஒருக்காக் காட்டு," என்றாள்.

பார்த்தாள். "இதிலை ஸ்டாற்றிக் எண்டு ஒரு சொல் வரோணும், தேவையானதெல்லாம் ஃபைலுக்குள்ளையே சேர. இல்லாட்டில் புரோகிராம் தனக்குத் தேவையானதை வெளியிலை தேடும். சிமுலேட்டருக்குள்ளை வெளியெண்டு ஒண்டுமில்லை."

"முந்தி இருந்ததே. ஆர் எடுத்தது?"

மற்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லேப்டொப்காரி அந்தச் சொல்லைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் திரையில் வரிகள் ஓடத் தொடங்கின.

"ஏறீட்டுது," என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை.

"நான்தான் எடுத்தனான். ஃபைல் பெரிசாக் கிடக்குதெண்டு எடுத்தனான். உனக்குச் சொல்ல மறந்துபோனன்," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

கொக்குவிலில் பஸ் நின்றபோது லேப்டொப்காரி கேட்டாள்.

"நீதான் எடுத்தனி எண்டு சேரிட்டைச் சொல்லுவியே?"

"ஓம். தொடங்க முதலே சொல்லுறன்."

"அப்ப நேற்று எழுதினதை விட்டிட்டு, நான் முதல் எழுதினதையே போடுறன். அதுதான் வடிவாய் இருந்தது."