பூச்சி வராத அரிசி

என் மனைவி ஜெயமாலா அரிசியில் வண்டு கண்டால் நசுக்க மாட்டாள். முறத்தில் தட்டி எடுத்து, ஒரு பிடி அரிசியோடு வேப்பமர நிழலில் விட்டுவிட்டு வருவாள். நயினார் வீடு என்று ஊரார் சொல்லும் எங்கள் சமண வீடுகளில் அப்படித்தான். ஒரு முறம் அரிசிக்கு இது நடக்கும். செஞ்சிக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருப்பவனுக்கு நடக்காது. இன்ஸ்பெக்டர் ஐயா இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

அறுபத்தைந்தில் மழை பொய்த்தது. கிடைத்த அரிசியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வேர்க்கடலைக் கொல்லையில் கம்பளிப்பூச்சிக்குத் தூவும் பி.எச்.சி. பொடி அப்போது எங்கும் கிடைத்தது. மூட்டைக்கு ஒரு கை கலந்தேன். பொடி கொல்வதில்லை, அந்த வாடைக்குப் பூச்சி வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் கிடங்கைப் பெருக்குவது மூட்டை தூக்கும் முருகையன். அவன் பெருக்கிக் குப்பையைப் பின்புற வாய்க்காலில் கொட்டிய பிறகுதான் நான் உள்ளே போவேன். தரையில் என்ன கிடந்தது என்று அவனிடம் கேட்டதில்லை.

கிடங்கில் எலி பிடிக்க இரண்டு பூனைகள் இருந்தன. ஒன்று கால்கள் நடுங்கி, சுவரில் முட்டி முட்டிச் செத்தது. பிறகு மற்றதும். அந்த வாரமே எங்கள் வீட்டுச் சமையலுக்குத் தொண்டூரிலிருந்து தனியாக அரிசி வரவழைத்தேன். ருசிக்காக என்று ஜெயமாலாவிடம் சொன்னேன்.

விவசாய ஆபீசில் ராமகிருஷ்ணன் என்று ஒருவர், நிறையப் படிப்பவர். யாருக்கோ விசாரிப்பதுபோல அவரிடம் விசாரித்தேன். இந்த மருந்துகள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் போய்த் தங்கும் என்றார். கடலையில் தூவினால் பிண்ணாக்கில் இருக்கும், அதைத் தின்ற எருமையின் பாலில் இருக்கும், நெய்யில் இன்னும் கூடுதலாக இருக்கும். காற்றும் கடலும் கொண்டுபோகுமாம். யாரும் உழாத பனிப் பிரதேசத்துப் பறவையின் கொழுப்பில்கூட இந்த இனத்து மருந்தைக் கண்டிருக்கிறார்களாம்.

"தாய் சாப்பிட்டா பிள்ளைக்குப் பால்ல போவும்" என்றார்.

எனக்கு அன்று ஆறுதலாகத்தான் இருந்தது. உலகம் முழுவதும் பரவியிருக்கிற ஒன்றுக்கு என் கிடங்கு எம்மாத்திரம்.

முருகையனுக்குக் கூலியில் பாதி அரிசி. அவன் மனைவி வள்ளியம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்து சில மாதம் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்கு வந்தாள்.

"நயினாரே, அரிசியில இன்னா வாடை? எத்தினி தண்ணி கழுவியும் போவமாட்டுது."

புதுச் சாக்கு வாடை என்றேன்.

"புள்ளைக்கு வெட்டி வெட்டி இழுக்குது. நான் துன்றதுதான் சேரலியோன்னு இருக்குது. வேற அரிசி இருந்தா குடுங்க."

முருகையன் கூச்சத்தோடு அதட்டினான். "நயினாரு ஊட்டு அரிசி வேணுமாம் மவராணிக்கு. போடி."

தொண்டூர் அரிசி வீட்டில் நிறைய இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் கிடங்கு அரிசிக்கு எதிராக நானே சாட்சி சொன்னதாகிவிடும். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் பொங்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தையைப் பார்த்தேன். இடது கை தானாக வெட்டிக்கொண்டிருந்தது. பூனையின் கால் நினைவுக்கு வந்தது. கிடங்குக்குள் போய்ப் பொடி கலந்த இன்னொரு மூட்டையைப் பிரித்து, முருகையன் கூலிக்கு மேலேயே அளந்து போட்டேன். வயிறு நிறையச் சாப்பிடு, தாய்ப்பாலை மட்டும் நிறுத்திவிடாதே என்று சொல்லி அனுப்பினேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மனிடம் வேண்டிக்கொள்ள அவர்கள் போகிற வழியில், பஸ்ஸிலேயே குழந்தை போய்விட்டது. அதற்குப் பிறகும் நான் கடையை மூடவில்லை. வேறு வீடுகளிலும் இழுப்பு கண்ட பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

தெரிந்தே செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். தெரியும். அளக்கும்போதே தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கொலை என்ற சொல்லை மட்டும் போடாதீர்கள். பால் கொடுக்கிறவள் கேட்டு வந்தாள். எங்கள் சமணத்தில் பெரும் புண்ணியமாகச் சொல்லும் ஆகார தானம், நான் செய்தது.