லாரித் தண்ணீர்

தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுகிற மிஷின் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை பார் அடிக்கும்?" என்றுதான். பிரஷர் அதிகமாக இருந்தால் அழுக்கு தானாக ஓடிவிடும் என்று நினைப்பு. அப்படியில்லை மேடம். பிரஷர் பாதி வேலைதான் செய்யும், மீதியை அழுக்கெடுக்கிற மருந்து செய்ய வேண்டும். இரண்டும் சரியாக இருந்தாலும் தண்ணீர் நல்ல தண்ணீராக இல்லாவிட்டால் பிரயோசனமில்லை. அருப்புக்கோட்டை போர்த் தண்ணீரில் ஒரு பஸ்ஸைக் கழுவிப் பாருங்கள். காய்ந்ததும் கண்ணாடி முழுக்க விபூதி பூசினதுபோல் உப்பு நிற்கும். அதனால்தான் நான் லாரித் தண்ணீர் வாங்கித் தொழில் செய்தேன்.

டீ வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி. அவசரமில்லாமல் முழுதாகச் சொல்லுங்கள் என்றீர்களே, அதற்கும் நன்றி. நான் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவார். நீங்கள் இன்னும் தேடவில்லை.

என் மனைவி தங்கலட்சுமி இறந்துபோன பிறகுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பிள்ளைகள் இல்லை. சாயங்காலமானால் வீட்டில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும். கரண்டில் ஓடுகிற மிஷின் அடக்கமாக இருக்கும், பெட்ரோல் மிஷின் காதைக் கிழிக்கும். நான் பெட்ரோல் மிஷின்தான் வேண்டும் என்றேன். கரண்டு இல்லாத ஊருக்கும் கொண்டுபோகலாம் என்பதற்காகக் கேட்கிறேன் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் செல்வக்குமார் வந்து சேர்ந்தான். கூலிக்கு இல்லை, பங்குக்கு. அரிசி மில், கல்யாண மண்டபம், பள்ளிக்கூட பஸ் எல்லாம் இரண்டு பேருமாகக் கழுவினோம். எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். நான் மருந்து கலக்குவேன், அவன் தண்ணீர் அடிக்கிற துப்பாக்கியைப் பிடிப்பான். என்ன ஊற்றினேன் என்று அவன் எட்டிப் பார்க்க மாட்டான். பார்த்தால் என்னை நம்பவில்லை என்று ஆகிவிடும். இன்னொன்று, லாரி நினைத்தபோதெல்லாம் வராது என்பதால் வேலை முடிகிறவரை டேங்க் தண்ணீரில் கைகூடக் கழுவுவதில்லை. மத்தியானம் சாப்பிட்ட கையை அவன் பேப்பரில் துடைத்துக்கொண்டு வேலைக்கு எழுந்துவிடுவான். வேலை முடிந்தால் இருவரும் ஒரே கடையில் பரோட்டா சாப்பிடுவோம். அவன் பேசிக்கொண்டே சாப்பிடுவான், நான் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன். எனக்கு அது போதும்.

இந்த வருடம் திருச்சுழியில் அவனுக்குப் பெண் பேசி முடித்தார்கள். யுவராணி, கோயம்புத்தூரில் மில் ஆபீசில் வேலை பார்க்கிற பெண். கல்யாணம் முடிந்ததும் இவனும் அங்கேயே போய் ஒரு வாட்டர் சர்வீஸில் சேருவதாக ஏற்பாடு.

"இங்கனயே இருந்திர்றா. மாடில ஒரு ரூம்பு போட்டுத் தாரேன்," என்றேன்.

"அவளுக்கு வேலை அங்கல்ல இருக்கு. மாசம் ஒருக்கா வாரேண்ணே."

மாதம் ஒருமுறை வருகிறேன் என்று சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் அக்கா மகன் சொன்னான், தங்கலட்சுமியின் தம்பி சொன்னான். எனக்குப் பயமாக இருந்தது மேடம். அரண்மனை மாதிரி ஒரு வீடு, அதில் நான் மட்டும். அவனுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. பயணம் கொஞ்சம் தள்ளிப்போக வேண்டும், அவ்வளவுதான்.

மருந்தை நிதானமாகத்தான் தேர்ந்தெடுத்தேன். உப்புக் கறைக்குப் போடுகிற ஆசிட் பட்டவுடன் சுட்டுவிடும், ஆள் உதறிக்கொண்டு ஓடிவிடுவான். எண்ணெய்ப் பிசுக்குக்குப் போடுகிற காஸ்டிக் காரம் வேறு மாதிரி. முதலில் சோப்பு போல வழுக்கும். எரிகிறதே என்று தெரியும்போது உள்ளே இறங்கியிருக்கும். அதை நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கித்தான் அடிப்போம். அன்றைக்கு நான் தண்ணீர் விடவில்லை.

பாலவனத்தம் ரோட்டில் ஒரு ஷெட். ஆர்டிஓ ஆபீசில் எஃப்சி காட்டப் போகிற பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அடிப்பாகம் கழுவ வேண்டும். பஸ்ஸைக் குழிக்கு மேலே நிறுத்துவார்கள், ஆள் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்து அடிக்க வேண்டும். கையில் பட்டு நாலு கொப்புளம் வரும் என்றுதான் நினைத்தேன். அண்ணாந்து அடிக்கிறவனுக்குக் கையில் விழாது, முகத்தில்தான் விழும் என்பதும் எனக்குத் தெரியும். அவன் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடியைத் தேடினான். வண்டியிலிருந்து எங்கேயோ விழுந்துவிட்டது போல என்றேன். அது என் வீட்டில் ஆணியில் தொங்கியது. காலையில் நான்தான் மாட்டிவிட்டு வந்தேன்.

கொஞ்ச நேரம் அடித்தான். பிறகு துப்பாக்கியைக் கீழே போட்டான்.

"அண்ணே, கண்ணு எரியுது. தண்ணி ஊத்துங்கண்ணே."

"தண்ணி தீந்துபோச்சுடா," என்றேன்.

அவன் மறுபடி கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்தவன், தண்ணீர் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்கத் தெரியாது. தன் வேட்டி நுனியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். லாரிக்காரர் சங்கையா காலையில்தான் டேங்கை நிறைத்துவிட்டுப் போயிருந்தார். குழாய் எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் குழிக்குள் இறங்கி, அவன் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தேன். அவன் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். அவன் பிடி தளர்ந்த பிறகுதான் ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.

மதுரையில் டாக்டர், "உடனே தண்ணீர் ஊற்றினீர்களா?" என்று கேட்டார். ஊற்றினேன் என்றேன். இரண்டு கண்ணும் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவன் என் வீட்டில்தான் இருந்தான். நான்தான் குளிப்பாட்டினேன், சவரம் செய்துவிட்டேன். தட்டில் பொரியல் எந்தப் பக்கம், அப்பளம் எந்தப் பக்கம் என்று கையைப் பிடித்துக் காட்டுவேன். சாயங்காலம் அவன் பேசுவான், நான் கேட்பேன். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் மேடம், அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அவன் போனை நான்தான் எடுப்பேன். யுவராணி கூப்பிடும்போதெல்லாம், அவன் உன்னிடம் பேச விரும்பவில்லை என்றேன். அவள் கூப்பிட்டாளா என்று அவன் கேட்டால், இல்லை என்றேன். வீணாக ஆசையை வளர்க்கக் கூடாது பாருங்கள்.

அந்தப் பெண் அழுத்தமானவள். நேராக வீட்டுக்கு வந்து நின்றாள். "அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று அவனிடம் கேட்டாள். "தண்ணி தீந்துபோச்சு புள்ள, அண்ணன் என்ன செய்வாரு," என்றான் அவன். அவள் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள், சங்கையாவைத் தேடிப் போய்க் கேட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

ஜன்னலில் அவர்கள் தெரிகிறார்கள். வேப்பமரத்தடியில் அவன் அவள் தோளில் கை வைத்து நிற்கிறான். போன வாரம் தாலி கட்டிவிட்டானாம், நாளைக்குக் கோயம்புத்தூர் பஸ்ஸாம். அவள் ஏதோ சொல்ல, அவன் சிரிக்கிறான். என் வீட்டில் இருந்தபோது அவன் இப்படிச் சிரித்ததாக ஞாபகமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். மருந்தை அப்படியே ஊற்றியது நான், கண்ணாடியை ஒளித்தது நான், தண்ணீரை வைத்துக்கொண்டு இல்லை என்றதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்து அனுப்பினால் நல்லது மேடம், மத்தியானச் சோற்றுக்கு நேரமாகிறது. என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?