நிறுத்தி வைத்த பதிவு

நஞ்சம்மாள்: மூணாந்தடவை அம்மணி இது, மூணாந்தடவை! ஒவ்வொருக்காலும் பஸ் ஏறி ஆர்.எஸ்.புரம் வந்து பதிஞ்சுபோட்டுப் போறேன். ஊடு போய்ச் சேர்றதுக்குங்காட்டியும் 'உங்கள் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டது'ன்னு போனுல வந்துருது. எந்த மகராசன் நிறுத்தறது? அவனைக் கூப்புடு.

லோகப்பிரியா: மகராசன் யாரும் இல்லீங்கம்மா. கம்ப்யூட்டரே தானா நிறுத்தறதுங்க. மொதல்ல உக்காருங்க, தண்ணி...

நஞ்சம்மாள்: தண்ணி வேண்டாம். வாசல்ல கல்யாணத் தகவல் மையம்னு போர்டு வெச்சிருக்கீங்களா, இல்லியா?

லோகப்பிரியா: வெச்சிருக்கோமுங்க.

நஞ்சம்மாள்: அப்ப பொண்ணோட விவரத்தை மாப்பிள்ளை ஊடுகளுக்கு அனுப்போணுமா, வேண்டாமா?

லோகப்பிரியா: அனுப்போணுமுங்க. ஆனா வாரதையெல்லாம் அப்படியே அனுப்பறதில்லீங்க. போன மாசத்துலிருந்து சோதனை போட்டிருக்கோம். பதிவு வந்ததும், பொருத்தம் பாக்கப் போறதுக்கு முன்னால, ஒவ்வொரு கட்டமாப் பாக்கும். தப்பு இருந்துச்சுன்னா ஓரமா நிறுத்திப்போடும்.

நஞ்சம்மாள்: தப்பா? என்ற பதிவுலயா?

லோகப்பிரியா: உங்களைச் சொல்லலீங்க... ஒருத்தரு பையன் பொறந்த வருசம் ஆயிரத்தெண்ணூத்தித் தொண்ணூறுன்னு போட்டிருந்தாரு.

நஞ்சம்மாள்: பொண்ணு அமைஞ்சுதா?

லோகப்பிரியா: சிரிக்காதீங்க. நாங்க பாக்கறதுக்குங்காட்டி அவருக்கு ஏழெட்டு ஜாதகம் போயிருச்சு. காங்கேயத்துல அண்ணன் தம்பி மூணு பேரு. மூணு பேரும் அதே பன்னெண்டு ஏக்கரா, அதே கெணறு, அதே தென்னை. பொண்ணு ஊட்டுக்காரங்க மூணு பேரும் ஒரே தோட்டத்தைப் பாத்துட்டு வந்து இங்க ஒரே சண்டைங்க...

நஞ்சம்மாள்: அது பாகம் பிரிக்காத சொத்து கண்ணு. மூணு பேருக்கும் முழுசுதான்.

லோகப்பிரியா: கம்ப்யூட்டருக்கு அது தெரியாதுங்களே.

நஞ்சம்மாள்: தெரியாததுகிட்ட எதுக்குக் கேக்கறீங்க?

லோகப்பிரியா: பொண்ணும் பையனும் ஒரே குலத்துக் கூட்டமா, பங்காளியா இருந்தாலும் தடுத்துருமுங்க.

நஞ்சம்மாள்: ம்... அது வேணும். அது இருக்கட்டும். என்ற பதிவை எதுக்குத் தடுத்துது?

லோகப்பிரியா: பேரு சொல்லுங்க, பாக்கறேன்.

நஞ்சம்மாள்: பொண்ணு பேரு புவனா. தொண்டாமுத்தூரு. பதிஞ்சது நான், நஞ்சம்மாள்.

லோகப்பிரியா: நஞ்சம்மாள்... தொண்டாமுத்தூருங்களா?

நஞ்சம்மாள்: ஆமா. என்ன அப்படிப் பாக்கறே? மூஞ்சியிலயும் தப்பு இருக்குதா?

லோகப்பிரியா: இல்லீங்க, இல்லீங்க... இதோ எடுத்துட்டேன். அட, சின்ன விசயந்தானுங்க. 'பதிவு செய்பவர் பொண்ணுக்கு என்ன உறவு'ங்கற கட்டத்துல மாமியார்னு அமுக்கிப்போட்டீங்க. அம்மான்னு மாத்திட்டா முடிஞ்சுது.

நஞ்சம்மாள்: மாத்தாதே.

லோகப்பிரியா: ஏனுங்க?

நஞ்சம்மாள்: கையை எடு அதுலிருந்து! மாமியாதான்.

லோகப்பிரியா: மாமியாருன்னா... இனி வரப்போற மாமியாருங்களா?

நஞ்சம்மாள்: இருக்கற மாமியா! என்ற பையன் மதன்குமாருக்குக் கட்டிட்டு வந்த புள்ள அது. சிறுவாணி ரோட்டுல ஒரு லாரிக்காரன் அவனை அடிச்சுப்போட்டான். மூணு வருசமாச்சு. போதுமா? இதை எந்தக் கட்டத்துல போடுவே?

லோகப்பிரியா: ...மன்னிச்சுக்குங்கம்மா.

நஞ்சம்மாள்: நீ எதுக்குக் கண்ணு... கட்டிக்கப்போற பொண்ணுக்கு மாமியா இருக்கக்கூடாதுன்னு எழுதுனான் பாரு, அவனைக் காட்டு. அவனைத்தான் கேக்கோணும்.

லோகப்பிரியா: அது... நான்தானுங்க.

நஞ்சம்மாள்: நீயா?

லோகப்பிரியா: நானேதானுங்க. அப்பா, அம்மா, அண்ணன், சித்தப்பான்னா உட்டுரு. மாமியார், மாமனார், மருமகள்னு வந்தா தப்புன்னு எழுதிப்போட்டேன். யாரோ கை தவறி அமுக்கறாங்கன்னு நெனச்சு...

நஞ்சம்மாள்: பொண்டாட்டி செத்துப்போய் மறுபடி கட்டறானே ஆம்பளை, அவனை நிறுத்துதா?

லோகப்பிரியா: அவங்களுக்கு அவங்க அம்மாவே வந்து பதியறாங்களுங்க. அதனால...

நஞ்சம்மாள்: நிக்காது. அதான பாத்தேன்!

லோகப்பிரியா: புவனாக்காவுக்கு அப்பா அம்மா இல்லீங்களா?

நஞ்சம்மாள்: வடவள்ளியில சவுக்கியமா இருக்கறாங்க. 'ஒருக்காக் கட்டிக் குடுத்தாச்சு, எங்க வேலை முடிஞ்சுது'ன்னு அப்பங்காரன் சொல்லிப்போட்டான். ஆத்தாக்காரி வாயே தெறக்கல. அந்தம்மா பேருல நான் பதியோணுமா? முடியாதுன்னு கதவைச் சாத்துனவ பேரைப் போட்டா உள்ளே உடும். நான் செய்யறேன்னு வந்து நிக்கறவளைத் தப்புன்னு தள்ளும். இதுக்குப் பேரு சோதனையா?

லோகப்பிரியா: வாஸ்தவந்தானுங்க. ஆனா அம்மான்னு போட்டா இப்பவே போயிருமுங்க. யாருக்குத் தெரியப்போகுது...

நஞ்சம்மாள்: பொய் எழுதுனா போகும், நெசத்தை எழுதுனா நிக்கும். நல்லா வெச்சிருக்கீங்க கடையை! நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பொண்ணு பாக்க வருவாங்க. செவுத்துல என்ற பையன் போட்டோ மாலையோட இருக்கும். யாருன்னு கேட்டா என்ன சொல்றது? ஒறம்பரை, சொந்தக்காரன்னா? சொல்லு கண்ணு. நீயே சொல்லு.

லோகப்பிரியா: வேண்டாமுங்க. பதிவை மாத்தல. நான் எழுதுனதை மாத்தறேன்.

நஞ்சம்மாள்: எப்படி?

லோகப்பிரியா: மறுமணம்னு இருந்தா, புகுந்த ஊட்டு ஆளு யாரு வந்து பதிஞ்சாலும் நிறுத்தாதேன்னு. சித்தெ பொறுங்க... இன்னொரு கட்டம் காலியா இருக்குதுங்களே. கொழந்தை?

நஞ்சம்மாள்: இருக்குது. லாஸ்யா. யூ.கே.ஜி. போகுது.

லோகப்பிரியா: கல்யாணத்துக்கு அப்பறம் அம்மாகூடவா, உங்ககூடவாங்க?

நஞ்சம்மாள்: இதுக்கும் ஒரு கட்டம் வெச்சிருக்கீங்களா?

லோகப்பிரியா: எதாச்சு ஒண்ணு போடோணுமுங்க.

நஞ்சம்மாள்: அவகூடத்தான். பெத்தவகூடத்தான்.

லோகப்பிரியா: அப்ப நீங்க தனியாங்க?

நஞ்சம்மாள்: தனியென்ன? மாடு இருக்குது, வாழை இருக்குது. பொழுது எறங்குனா ஆனை வேற வந்துருது. தொணைக்கா பஞ்சம்?

லோகப்பிரியா: புவனாக்காவுக்குத் தெரியுமுங்களா நீங்க வந்தது?

நஞ்சம்மாள்: தெரிஞ்சா உடுவாளா? 'நான் போயிட்டா உங்களை யாரு பாப்பா'ன்னு ஒரே பேச்சு. ரெண்டு வார்த்தைக்கு மேல பேசுனா அழுகறா. எனக்கு அதுதான் வெசனம். நீயும் சொல்லிப்போடாதே.

லோகப்பிரியா: அவங்க சம்மதம் கேக்காம வெளிய அனுப்ப மாட்டோமுங்க.

நஞ்சம்மாள்: நீ கேளு. நான் கேட்டாத்தான் அழுகறா.

லோகப்பிரியா: சரிங்க... ஆச்சு. உள்ளே எடுத்துக்கிச்சு பாருங்க. இனி நிக்காது.

நஞ்சம்மாள்: அப்பாடி.

லோகப்பிரியா: ஆனா... ம்.

நஞ்சம்மாள்: என்ன ம்?

லோகப்பிரியா: இதை மாத்துனதும், நின்னுட்டிருந்த இன்னொரு பதிவும் கூடவே உள்ளே வந்துருச்சுங்க.

நஞ்சம்மாள்: பாத்தியா! என்னையாட்டம் இன்னொருத்தி! அவளையும் அலைய உட்டிருப்பீங்க. மருமகளுக்குத்தான?

லோகப்பிரியா: இல்லீங்க. மருமகதான் வந்து பதிஞ்சிருக்குது. மாமியாருக்கு.

நஞ்சம்மாள்: மாமியாளுக்கா? கல்யாணத்துக்கா? அட கெரகமே! இதைத்தான அம்மணி நிறுத்தோணும்!

லோகப்பிரியா: ஏனுங்க, இத்தனை நேரம் நீங்கதான...

நஞ்சம்மாள்: அது வேற, இது வேற! சின்னஞ்சிறுசுக்குப் பண்ணலாம். இது ஊரு சிரிக்கறதுக்கு. வயசு என்ன அந்தப் பொம்பளைக்கு?

லோகப்பிரியா: நாப்பத்தொம்பதுன்னு இருக்குதுங்க. சின்ன வயசுலயே ஊட்டுக்காரரு போயிட்டாராம். ஒத்தையா நின்னு தோட்டத்தைப் பாக்கறாங்களாம். 'கோவம் எச்சா வரும். ஆனா அவங்களை மாதிரி மனசு யாருக்கும் இல்ல. கடைசிவரைக்கும் எங்களுக்காகவே இருந்துட்டாங்கன்னா எனக்குத் தாங்காது'ன்னு மருமக எழுதியிருக்குது.

நஞ்சம்மாள்: ...எந்த ஊரு?

லோகப்பிரியா: அதைச் சொல்லக்கூடாதுங்க.

நஞ்சம்மாள்: எந்த ஊரு அம்மணி?

லோகப்பிரியா: தொண்டாமுத்தூருங்க. போன வாரம் வந்தாங்க. 'எங்கத்தைக்குத் தெரியக்கூடாது'ன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க. நீங்க பேரைச் சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. உங்க சம்மதத்தையும் நான் கேக்கோணுமுங்களே... என்னங்கம்மா பண்ணட்டும்? அனுப்பட்டுமா, மறுபடி நிறுத்திப்போடட்டுமா?

நஞ்சம்மாள்: நாப்பத்தொம்பதா! எனக்கா? நாப்பத்தேழு! இத்தனை பெரிய தப்பை உட்டுப்போட்டு உன்ற மெஷின் என்னத்தைச் சோதிச்சுது? மொதல்ல அதைத் திருத்து, அப்பறம் அனுப்பு!